ஒரே அறைக்கு இரண்டு பதில்கள்

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் நானும் என் தோழியும் இன்டர்நெட் கடை திறந்தபோது, எங்களிடம் நான்கு கம்ப்யூட்டர்களும் ஒரே ஒரு தொலைபேசி இணைப்பும் இருந்தன. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷங்கள் ஆகியிருக்கும். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவரின் மகள். நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவள். டைப்பிங் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மேசை. அவளுக்கு இயந்திரங்களோடு மல்லுக்கட்டப் பிடிக்கும், எனக்கு ஆட்களோடு பேசப் பிடிக்கும்.

என் தொழில் என்னவென்று அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"கொழும்புக்குப் போன் பேசுற கடையா?"

"பேசுறதில்லம்மா. எழுதி அனுப்புறது. உடனே போயிரும்."

"அப்ப தபால் கந்தோர்னு சொல்லேன்."

எங்கள் வாடிக்கையாளர்களில், பக்கத்து மலையூரான எல்லவிலிருந்து வரும் ஒரு சிங்கள ஐயா இருந்தார். தன் வீட்டில் நான்கு அறைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவர். ஆங்கிலத்தில் எழுதக் கூச்சப்படுவார். அதனால் அவருக்கு வரும் மின்னஞ்சல்களைப் படித்து நானே பதில் எழுதுவேன். தோழி அவருடைய வீட்டுக்கு ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தாள். அதைப் பார்த்து ஜெர்மனியிலிருந்து முதல் கடிதம் வந்த அன்று, அதை அச்செடுத்துத் தரச் சொல்லி, மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அதன் பிறகுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். இரண்டு நாள் அடைமழையில் இணைப்பு அறுந்து கிடந்தது. அது திரும்ப வந்ததும், குவிந்திருந்த கடிதங்களுக்கு அவசர அவசரமாகப் பதில் எழுதினேன். அதில், மிச்சமிருந்த ஒரே அறையை அதே நாளுக்கு இரண்டு தம்பதிகளுக்கு உறுதிப்படுத்திவிட்டேன். எனக்கே தெரியாது.

ஒரு நாள் காலையில் மருந்துக்கடைக்காரர் மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். "ஒங்க லைன் கெடைக்கலன்னு எனக்கு அடிச்சிருக்காரு. எல்லவிலருந்து. ரொம்பக் கோவமாப் பேசுறாரு."

கீழே போய் அவரிடம் பேசியபோதுதான், இரண்டு தம்பதிகளும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியிருப்பது தெரிந்தது.

"நானும் வரவோ?" என்றாள் தோழி.

"வேணாம். தப்பு என்னோடது. நானே போறேன்."

"போய் உண்மையைச் சொல்லு. பொய் சொல்லிச் சமாளிக்காதை."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஐயாவின் வீட்டு முன் விறாந்தையில் இரண்டு தம்பதிகளும் நனைந்த பைகளோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஐயா என்னைப் பார்க்கவே இல்லை. நான்தான் தவறு செய்தேன் என்று சொன்னேன். அவர்களில் ஒரு பெண், வயதானவர், இந்தத் தெருவில் வேறு வீடே இல்லையா என்று சாதாரணமாகக் கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. மேட்டில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே ஓர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரின் மனைவி இருந்தார். மகன் வெளிநாடு போனதில் அறை ஒன்று சும்மா கிடந்தது. குளியலறை வெளியே இருக்கிறது, வெள்ளைக்காரர்களுக்கு என்ன சமைப்பது என்று தயங்கினார். நான் சிங்களத்தில் கெஞ்சினேன். கடைசியில் அலமாரியிலிருந்து புதுப் படுக்கை விரிப்பை எடுத்தார்.

ஓர் இரவுக்கு என்று போன அந்த முதிய தம்பதி மூன்று இரவுகள் தங்கினார்கள். அடுத்த வாரமே அந்த வீட்டுக்கார அம்மா எங்கள் மாடிப்படியேறி வந்து, தனக்கும் ஓர் இணையப் பக்கம் வேண்டும் என்றார். ஐயாவும் கோபம் தணிந்து வந்தார். தன் வீடு நிரம்பினால் அந்த அம்மாவிடம் அனுப்பச் சொன்னார். ஆனால் முதலில் தன் வீடு நிரம்பட்டும் என்று கறாராகச் சேர்த்துக்கொண்டார்.

தோழி யோசித்து, அந்தத் தெரு முழுவதற்கும் ஒரே பக்கமும் ஒரே நாட்காட்டியும் செய்தாள். எந்த அறை எந்த நாளில் காலி என்பது இப்போது எங்கள் கண்முன் இருந்தது. சில வருஷங்களில் ஹாலிஎல, பண்டாரவளை என்று சுற்றியுள்ள ஊர்களிலும் வீடுகள் கூடின.

அதற்குள் எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. போனிலேயே இன்டர்நெட்டும் வந்தது. எங்கள் கம்ப்யூட்டர்கள் நாள் முழுக்கச் சும்மா இருந்தன. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"யாருமே வர்றதில்ல. மூடிருவமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கடைக்கு ஆக்கள் வராட்டி என்ன? நாங்கள் இப்ப கடையே இல்லையடி. விளங்கேல்லையோ?"

வீடுகளுக்குப் பயணிகளைச் சேர்த்துவிடுவதுதான் இப்போது எங்கள் தொழில் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வாரமே கம்ப்யூட்டர்களைச் சுற்றி அடித்திருந்த தடுப்புப் பலகைகளைக் கழற்றி, நீளமாக ஒரு மேசை போட்டோம். எங்கள் தோட்டத்திலிருந்து உயர்தரப் பரீட்சை முடித்த இரண்டு பெண்களை வேலைக்குச் சேர்த்தோம். பலகைகள் இருந்த இடத்தில் ஒரு ஜன்னல் இருந்தது எங்களுக்கு மறந்தே போயிருந்தது. அறை முழுக்க வெளிச்சம்.

கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தபோது மொனராகலையிலிருந்து ஒருவர் அழைத்தார். குளக்கரையில் தனக்கு ஒரு வீடு இருக்கிறது, சாயங்காலத்தில் யானைகள் தண்ணீர் குடிக்க வரும், அந்தப் பக்கத்துக்கெல்லாம் நீங்கள் வருவீர்களா என்று கேட்டார்.

அந்த வீட்டைப் படமெடுக்கத் தோழி கேமராவைத் தேடத் தொடங்கியிருந்தாள். நான் பஸ் நேரம் கேட்கக் கீழே இறங்கினேன்.