அமாவாசை வாய்தா

எனக்குச் சந்தேகப் புத்தி என்று வீட்டில் சொல்வார்கள். ஆயுசு பூரா செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவனுக்கு வேறு என்ன புத்தி வரும்? இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக, அது எங்கே பிடித்தது என்று சொல்கிறேன்.

1. குப்பத்துக் கேஸ்

எழுபதுகளின் தொடக்கம். என் வக்கீல் பெயர் தணிகாசலம். அவர் எழுந்து பேசினால் வராந்தாவில் டீ குடிப்பவன்கூட உள்ளே எட்டிப் பார்ப்பான். அப்படி ஒரு குரல்.

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். கட்டுமரம் ஏற்றி, வலை காயப்போடும் கரையில் ஓட்டல் கட்டுவதாகச் சொல்லி ஒரு முதலாளி வேலி போட வந்துவிட்டார். கரை போனால் பிழைப்பே போச்சு. சார் தடை உத்தரவு வாங்கி வேலியை நிறுத்தினார். ஆனால் அது தற்காலிகம். சாட்சி விசாரணை முடிந்து தீர்ப்பு வந்தால்தான் கரை நிலைக்கும்.

குப்பத்தில் அமாவாசையன்று யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். அதனால் அந்த நாளாகப் பார்த்து வாய்தா கேட்பது எங்கள் வழக்கம். பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதியை நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

2. எம்.எல்.ஏ. சார்

அந்தக் கேஸால் சாருக்குப் பேர் வந்தது, பின்னாலேயே கட்சி சீட்டும் வந்தது. குப்பமே ஒன்றாக ஓட்டுப் போட்டது. ஜெயித்தார். "கேஸ் முடியிற வரைக்கும் நான் உங்க வக்கீல்தான்" என்று மாலையும் கழுத்துமாகச் சொன்னார்.

சொன்னபடி கோர்ட்டுக்கு வந்தார். ஆனால் அதற்கப்புறம் வாய்தா அமாவாசையில் விழவே இல்லை. நான் கொடுக்கும் தேதியை விட்டுவிட்டு வேறு தேதி கேட்பார். அந்தத் தேதி வந்ததும், "சாட்சிகள் கடலுக்குப் போயிருக்கிறார்கள் யுவர் ஆனர், வாய்தா வேண்டும்" என்பார். எதிர்த்தரப்பு வக்கீல் மூச்சே விடமாட்டார். ஓட்டல் கட்ட அவசரப்பட்டவர்களுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது? ஒரு நாள் அந்த முதலாளியின் கார் சார் வீட்டு வாசலில் நின்றது. என்னைக் கண்டதும் சார், "போய் வெத்தல பாக்கு வாங்கிட்டு வாய்யா" என்று அனுப்பிவிட்டார். தட்டு நிறைய வெற்றிலை உள்ளே இருந்ததை நான் பார்த்திருந்தேன்.

முன்சீப் பொறுமை இழந்தார். "அடுத்த வாய்தாவுக்கும் சாட்சி வராவிட்டால் கேஸ் தள்ளுபடி" என்று சொல்லிவிட்டார். தள்ளுபடியானால் தடை உத்தரவும் போய்விடும், வேலி வந்துவிடும்.

3. அஞ்சலை

குப்பத்துத் தலைவரான நாட்டாரின் மனைவி அஞ்சலை. மீன் கூடையோடு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு வருபவள், வாய்தா தேதி கேட்டுப் போக எங்கள் ஆபீசுக்கும் வருவாள்.

"இன்னா அண்ணாத்த, ஒங்க வக்கீலு யார் பக்கம் கீறாரு?" என்றாள்.

"ஏம்மா அப்படிக் கேக்குற?"

"அமாவாசைக்கு எங்க ஆம்பளைங்க சும்மா குந்திகினு கீறாங்க. அப்ப கூப்புட மாட்டாரு. மீனு பட்ற நாளா பாத்து கூப்புட்றாரு. எங்களுக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு நெனச்சிகினாரா?"

நான் மனசுக்குள் வைத்துப் புழுங்கியதை அவள் போட்டு உடைத்துவிட்டாள். சம்பளம் கொடுப்பவரை எப்படிக் காட்டிக்கொடுப்பது? "திங்கக்கெழம வாய்தா. அன்னிக்கும் சாட்சி வரலன்னா கேஸு போச்சு. இதுக்கு மேல என் வாயக் கிளறாத தாயி" என்றேன்.

திங்கட்கிழமை கேஸ் நம்பரைக் கூப்பிட்டார்கள். சார் எழுந்தார். "சாட்சிகள் கடலுக்குப் போயிருக்கிறார்கள் யுவர் ஆனர்..."

"இங்கதான் கீறோம் சாமி!"

வராந்தாவில் குப்பமே நின்றது. நல்ல மீன்பாடு உள்ள நாளில் ஒரு கட்டுமரத்தைக்கூட இறக்காமல், திருக்கழுக்குன்றம் வழி முதல் பஸ்ஸில் அடித்துப் பிடித்து வந்திருந்தார்கள். முன்சீப் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்கள் சாட்சிகள்தானே? கூண்டில் ஏற்றுங்கள்" என்றார். சாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் விசாரணையை ஆரம்பித்தார். குரல் என்னவோ அன்றைக்கும் கணீரென்றுதான் இருந்தது.

வெளியே வந்ததும், "யாருய்யா அவங்களுக்குச் சொன்னது?" என்று என்னை முறைத்தார்.

"தெரியலயே சார்."

தீர்ப்பு குப்பத்துக்குச் சாதகமாக வந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

4. அடுத்த தேர்தல்

அந்தக் காரில் வந்தவரிடம் சார் விலைபோனாரா, அல்லது கேஸ் முடிந்தால் ஓட்டும் முடிந்துவிடும் என்று பயந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கற்றுக்கொண்டது ஒன்றுதான் தம்பிகளா: வக்கீலின் பேச்சில் மயங்கி நிற்காமல், அவர் கேட்கும் தேதியைப் பாருங்கள்.

மறுபடி தேர்தல் வந்தது. குப்பத்தில் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க ஒரு நாள் சொல் என்றார் சார். அமாவாசையைச் சொன்னேன். ஜீப் போய் நின்றபோது ஆண்கள் அத்தனை பேரும் கரையில் வரிசையாக உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. சார் கும்பிட்ட கையோடு நின்றார்.

அஞ்சலைதான் எழுந்து வந்தாள்.

"ஆம்பளைங்கல்லாம் கடலுக்குப் போயிருக்காங்க சார். வேற வாய்தா வாங்கிக்கினு வா."