புகைக்கூடத்தில் பழகிய சிலம்பம்

சுங்கைப் பட்டாணி டவுனில் இன்று ரப்பர் ஷீட் ஏற்றிய லாரி ஒன்று என்னைக் கடந்தது. அந்தப் புகைவாடை மூக்கில் ஏறியதும், ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்தில் சும்மா கிடந்த, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைக்கூடம் நினைவுக்கு வந்தது. அப்பாவைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனபின், அவர் சிலம்பம் ஆடியதைப் பார்த்துப் பார்த்து மனதில் வைத்திருந்த அடிகளை, அம்மாவும் சித்தியும் மத்தியானங்களில் அங்கே கதவைச் சாத்திக்கொண்டு, ஷீட் காயப்போடும் கழிகளை வைத்துப் பழகினார்கள். ஏழு வயதுப் பெண்ணான நான் கதவிடுக்கில் காவல் இருப்பேன். கழி சுழலும் சத்தம்கூட ஜப்பான்காரன் லாரி வருவதுபோல் கேட்க, பாதையை எட்டி எட்டிப் பார்ப்பேன். திரும்பும்போதெல்லாம் சித்திக்குக் கால் பின்னிக்கொள்ளும்.

"கையப் பாக்காத செல்லம்மா, காலடிய எண்ணு," என்பாள் அம்மா.

ஒருநாள் இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். நான் இருமினேன். அவர்கள் கதவைத் தள்ளியபோது கழிகள் மூலையில் கிடந்தன. அம்மா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒருவன் சித்தியையே வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனான்.

"போதும்க்கா, இனி வேணாம்லா," என்றாள் சித்தி.

"அவன் மறுபடி வருவான். மொதல் அடியிலேருந்து வா," என்ற அம்மா என்னைப் பார்த்தாள். "நீயும் வந்து நில்லு."

ஜப்பான்காரன் போகும்வரை மூவரும் ஒருநாள்கூட விடாமல் பழகினோம். அந்தச் சிப்பாய் திரும்பி வரவில்லை. அப்பாவும் வரவில்லை.