தலைமாட்டில் ஒட்டிய தாள்

ஊர் ஊராகத் திரிந்து கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது. ஆதரவற்ற ஆண்களுக்கான விடுதியில் வேலை கிடைத்தது. குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும். விடியும் முன்பே எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றி முடித்துவிடுவோம். அதைத் திறமை என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமைகளில் தேவராவிலிருந்து ஒரு நர்ஸ் எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தார். ஆளுக்கொரு தாள் கொடுத்தார். நோயைப் பற்றி எழுத வேண்டாம். அந்த மனிதருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, அவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டச் சொன்னார்.

என் பங்குக்கு வந்தவர், மிளகுக் கிடங்கில் மூட்டை சுமந்த தமிழர். பேசமாட்டார். குளிக்க இழுத்தால் அடிப்பார்.

“எடா பாண்டி, உன்ற மாமன் இன்னிக்கும் எனக்கு ரெண்டு தந்து,” என்பார் கூட வேலை செய்த மலையாளிச் சேட்டன், கன்னத்தைத் தடவிக்கொண்டு. தமிழன் என்றாலே அவருக்குப் பாண்டிதான்.

இன்னொரு முறை கை நீட்டினால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

ஒரு வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாயா குடித்தேன். பிறகு கேட்டேன்: “ஏன் மாமா குளிக்க மாட்டேங்கறீங்க?”

“வேலைக்குப் போறதுக்கு முந்தி எவன்டா குளிப்பான்? மூட்டை எறக்கிட்டுத்தான் குளி.”

அன்று மாலை வெந்நீர் வைத்துக் கூப்பிட்டேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தானே வந்தார். காதுக்குப் பின்னால் இல்லாத மிளகுத் தூசியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். “முதுகைத் தேயிடா,” என்று அதட்டினார். அதன்பின் யாரையும் அடிக்கவில்லை.

‘காலையில் கூப்பிட வேண்டாம். மாலையில் வெந்நீர். முதுகு தேய்க்க வேண்டும்.’ ஐந்தாம் வகுப்புத் தமிழில் எழுதி ஒட்டினேன்.

என் கால் ஓரிடத்தில் நிற்காது. ஒரு புதன்கிழமை யாரிடமும் சொல்லாமல் ஆலுவாவுக்குப் போய் ஆற்றங்கரையில் சுற்றினேன். சனிக்கிழமை திரும்பியபோது அவர் கட்டில் காலியாக இருந்தது.

“உனக்குப் பதிலா ஒரு புது ஆளு வந்து,” என்றார் சேட்டன். “வெளுப்பினே, விடியறதுக்கு முந்தி, குளிக்க இழுத்திருக்கான். அவன்ற பல்லு போயி. நான் வரும்போ இவரை வண்டியில ஏத்தியாச்சு.”

“தாள் ஒட்டியிருந்தேனே?”

“ஒட்டினே. ஆரு வாசிக்கும்? இவிடெ உனக்கு மட்டும்தானே தமிழ் தெரியும்?”

மற்ற எல்லாத் தாள்களும் மலையாளத்தில் இருந்தன. பத்து நாளாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நர்ஸ் திட்டவில்லை. என்னைப் படிக்கச் சொல்லி, அடியில் மலையாளத்தில் எழுதினார். தாளை உரித்துக் கையில் கொடுத்தார். பஸ் பிடித்துப் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர், “நீ அவருக்கு யாரு?” என்றார்.

“குளிப்பாட்டறவன்.”

சொந்தக்காரர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்களாம். தாளை வாங்கிக்கொண்டார்.

மாலை வரை மதிலோரம் நின்றேன். உள்ளே எங்கோ தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அது அவருக்குத்தானா என்று தெரியவில்லை. விளக்குப் போட்டதும் கடைசி பஸ்ஸுக்கு நடந்தேன்.