படுத்துக் கிடந்த வாசக்கால்

ஜூலை 13, 1991, சனிக்கிழமை. செய்யாறு பேருந்து நிலையத்திலிருந்து காஞ்சிபுரம் வண்டி காலை ஆறரைக்குப் புறப்பட்டது. கட்டணம் மூன்று ரூபாய் ஐம்பது காசு. ஆனி முடியும் தறுவாய். வைகாசியில் கல்யாணமான என் மகள் வாணிக்கு இது தலை ஆடி. ஆடி பிறப்பதற்குள் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் விடுப்பு கேட்டபோது தலைமையாசிரியர் காரணத்தை விசாரிக்கவில்லை. அழைத்து வந்த பிறகு திருப்பி அனுப்பும் எண்ணம் எனக்கு இல்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

காரணம், வாணி குடிபோக இருந்த வீடு. மாப்பிள்ளை சேகர் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். அங்கே வீடு கட்டுவதில்லை, வீடு செய்கிறார்கள். சுவரைத் தரையில் படுக்கவைத்து வார்க்கிறார்கள். காய்ந்ததும் கிரேனால் தூக்கி நிறுத்தி, மூலைகளில் போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். சுவரின் கனம் ஒன்றரை அங்குலம். பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு இப்படிப் பத்து வீடுகள். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டவும் அவையே உதவும் என்பது முதலாளியின் கணக்கு.

சென்ற கார்த்திகை மழையில் எங்கள் வீட்டின் பின்கட்டுச் சுவர் விழுந்தது. செங்கல் சுவர், முக்கால் அடிக் கனம். அதை ஒட்டிக் கட்டிலில் வாணி படுத்திருந்தாள். காறை எலும்பு முறிந்ததோடு தப்பினாள். எலும்பு கூடிவிட்டது, கல்யாணமும் ஆகிவிட்டது. நான்தான் எந்த வீட்டுக்குப் போனாலும் ஆளைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்க்கிறேன்.

காஞ்சிபுரத்தில் சென்னை வண்டி மாறி, பத்து மணிக்குள் சுங்குவார்சத்திரத்தில் இறங்கினேன். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் டீக்கடைகள், ஒரு சைக்கிள் கடை, லாரிகள் நிற்கும் புளியமர நிழல். ஒரு டீக்கடையின் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து மகளும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். லாரி போனால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அன்று முழுவதும் வீட்டைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. வாணியும் சொல்லவில்லை.

ஜூலை 14, ஞாயிறு. காலை எட்டு மணிக்கு மூவரும் பட்டறைக்குக் கிளம்பினோம். சுங்குவார்சத்திரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பத்து கிலோமீட்டர். மே மாதத்திலிருந்து அந்த ஊரின் பெயரைக் கேட்டால் எல்லோரும் ஒரு நொடி பேச்சை நிறுத்துகிறார்கள். பேருந்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் ஜன்னல் வழியே கையை நீட்டி, “அங்கதாம்மா, தோ அந்த எடம்” என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயில் சாலை வண்டியில் ஏறினால் ஒரகடம் இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். வழியெல்லாம் நெல் வயல், பனை, வற்றிய ஏரி. நடுநடுவே முள்கம்பி போட்ட வெற்று நிலம். ஓரிடத்தில் நீளமாக மதில் எழுப்பியிருந்தார்கள், உள்ளே புல் மட்டும் இருந்தது. வல்லம் தாண்டிப் பட்டறை வாசலிலேயே பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கினோம்.

பட்டறை என்றால் கூரை இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது வெறும் மைதானம். சிமெண்டுத் தளத்தின் மேல் இரும்புச் சட்டங்கள் கிடந்தன. சட்டத்துக்குள் மெல்லிய கம்பி, அதன் மேல் கோழிக்கூண்டுக்கு அடிக்கிற வலை, அதன் மேல் சிமெண்டுச் சாந்து. வார்த்த சுவர்களுக்கு ஈரச் சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். ஒரு பெண் ரப்பர் குழாயால் சாக்குகளை நனைத்துக்கொண்டிருந்தாள். பெயர் மேரி. அவள் கணவன் இங்கே தச்சன். வாணிக்கு அடுத்த வீடு அவர்களுக்கு.

“இன்னாம்மா, பொண்ண இட்டுக்கினு போவ வந்துட்டியா? ஆடி வர்றதுக்கு முன்னாடியே உன் மூஞ்சில ஆடி கீதே” என்றாள்.

முடிந்திருந்த ஒரு வீட்டைச் சேகர் திறந்து காட்டினார். பத்தடிக்குப் பதினெட்டடி. முன்னறை, அதற்குள்ளேயே தடுத்த சமையல் மூலை, பின்னால் குளியலறை. அடுப்பு மேடையும் சுவரோடு சேர்த்து வார்த்தது. தலைக்கு மேல் பாதி அறைக்குப் பரண். ஏணியில் ஏறி இரண்டு பேர் படுக்கலாம். கொடிக்கயிறு கட்டவும் தொட்டில் மாட்டவும் வளையங்களை வார்க்கும்போதே பதித்துவிடுகிறார்கள், பிறகு ஆணி அடிக்க முடியாதாம். நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். மண்பானையைத் தட்டினதுபோல் ஒலித்தது. சுவருக்கு வெளியே மேரி மூக்கைச் சிந்தியது துல்லியமாகக் கேட்டது. பட்டறை மேற்பார்வையாளர் கோபால், நாற்பது வயதிருக்கும், சுவரின் மேல் தோளைக் கொடுத்து முட்டிக் காட்டினார். “யானை வந்தாலும் அசையாது மேடம்” என்றார். யானையை விட மழையைப் பற்றித்தான் எனக்குக் கேட்க வேண்டியிருந்தது.

வாணியின் வீட்டுக்கு மூன்று சுவர் நின்றிருந்தது. வாசல் சுவர் பாக்கி. திங்கட்கிழமை ராகுகாலம் கழிந்து அதை நிறுத்திவிட்டால், கூரையை ஆடியில் முடித்து ஆவணியில் பால் காய்ச்சலாம் என்பது திட்டம். அந்தச் சுவரை அடுக்கிலிருந்து கிரேனால் நகர்த்தி வைத்தார்கள். சாக்கை எடுத்துப் புரட்டியதும் நான் முதலில் பார்த்தது விரிசலைத்தான். வாசல்படிக்குக் கீழே தொடங்கி, கிளை பிரிந்து, முழங்கால் உயரம் வரை ஓடியிருந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சாந்தில் தண்ணீர் அதிகம் என்றார் கோபால். சாக்கு காய்ந்துவிட்டது என்று ஒருவர் மேரியைப் பார்த்தார். “தோ பாரு, என் மேல போடாத. நான் ஊத்துற தண்ணியில நாத்து நடலாம்” என்றாள் மேரி. கோபால் ஒரு சுத்தியலை வாங்கி விரிசலின் அடியில் தட்டினார். கைப்பிடி அளவு சில்லு பெயர்ந்தது. உள்ளேயிருந்து மஞ்சள் துணி ஒன்று எட்டிப் பார்த்தது. அதிலிருந்து ஊறிப் பருத்த மொச்சையும் கொண்டைக்கடலையும் உதிர்ந்தன. புளித்த வாடை அடித்தது.

மேரிதான் முதலில் சிரித்தாள். “அடப்பாவிங்களா! சொவத்துக்குள்ள சுண்டல் போட்டுக்கிறாங்கப்பா!”

சேகர் தலையைக் குனிந்துகொண்டார். “அத்தை, வாசக்கால் நிறுத்தும்போது அடியில நவதானியம் வைக்கணும்ல. இங்க வாசக்கால் நிக்கிறதே இல்ல. படுத்துக்கிட்டே சுவரோட சேந்துடுது. அப்புறம் எழுந்து நிக்கிறப்ப அடியில வைக்க இடம் கிடையாது. அதான் வார்க்கிறதுக்கு முன்னாலயே முடிஞ்சு, வலையில கட்டி...”

“ஈரச் சாந்துக்குள்ள கடலை போட்டா ஊதாதா? அதுவும் ஒன்றரை அங்குலத்துல?” என்றார் கோபால். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ஆம்பூர்ல போய் பிரியாணி போடுய்யா நீ. வெல்டிங் வேணாம்.”

“அவர ஏன் சொல்றீங்க? நான்தான் கட்டிக் குடுத்தேன்” என்றாள் வாணி. என்னைப் பார்த்து, “நவதானியம் வச்சியான்னு நீ கேப்பல்ல? அதுக்குத்தான்” என்றாள்.

விரிசலைச் சுரண்டி மறுபடி பூசினால் தெரியாது என்றார் கோபால். தெரியாமல் போவதற்குத்தான் நான் பயந்தேன். என் மகள் அந்தச் சுவருக்குள் இருக்கமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். வாணியைத் தனியாக அழைத்துக்கொண்டு சட்டங்களுக்கு அப்பால் போனேன்.

“நாளைக்கே என்னோட வா. ஆடிக்குன்னுதான் வந்தேன்.”

“ஆடிக்குக் கூப்பிட வந்தியா, ஒரேயடியா கூட்டிட்டுப் போக வந்தியா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணில்லம்மா.” அவள் குரல் உயரவில்லை. “சுவர் விழுந்தது ஒரு நாள். அதுக்கப்புறம் ஆறு மாசம், நான் மூச்சு விடுறேனான்னு நீ வந்து வந்து மூக்குல கை வச்சுப் பாத்த. நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். அந்த வீட்ல எனக்குத் தூக்கம் வராதது சுவரால இல்ல. இங்க டீக்கடை சத்தத்துல நல்லா தூங்குறேன்.”

மேரி ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டே எங்களை நெருங்கியிருந்தாள். ஒன்றும் காதில் விழாதவள் போல் நடிக்கவில்லை.

“த பாரும்மா. எங்க வூட்டு வாசல் சொவரு காஞ்சி ரெடியா கீது. ஒரே அளவு, ஒரே போல்ட்டு. அத எடுத்து இவ வூட்ல நிறுத்திக்கட்டும். எனக்கு வேற வார்த்துக் குடுப்பாங்க. எங்களுக்கு ஆடியும் கெடையாது ராகுகாலமும் கெடையாது, சர்ச்சு சாமியார் வந்து தண்ணி தெளிச்சா போதும். ஒண்ணே ஒண்ணு. எங்காளு வாசக்கால் மேல சிலுவ செதுக்கிட்டுது. உங்களுக்கு ஆவுமா?”

சேகர் வாணியைப் பார்த்தார். வாணி என்னைப் பார்த்தாள். செய்யாற்றிலிருந்து என் உறவினர் நாற்பது பேர் வந்து இந்த வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பதை நானும் பார்த்தேன்.

“விரிசல் இருக்கா?” என்று கேட்டேன்.

“தலமுடி அளவு கூட இல்ல.”

“அப்போ ஆகும்” என்றேன். சொன்ன பிறகுதான், வாணியைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு இருந்த ஒரே காரணத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று புரிந்தது.

ஜூலை 15, திங்கள். ஒன்பது மணிக்கு மேல் என்றிருந்தோம். கிரேன் வண்டியின் பேட்டரி இறங்கிவிட்டதால் பத்தாகியும் அது கிளம்பவில்லை. சுவர் தளத்தில் படுத்துக் கிடந்தது. வாணி தரையில் மண்டியிட்டு, சிலுவையைச் சுற்றி இடம் விட்டு, வாசக்காலின் இரண்டு பக்கமும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். படுத்திருந்ததால் நின்றுகொண்டு வைக்கிறதைவிடச் சுலபமாக இருந்தது. சிலுவைக்கும் ஒரு பொட்டு வைக்கச் சொன்னாள் மேரி. “அதுவும் இந்த வூட்டுக்குத்தான காவல்” என்றாள். வாணி வைத்தாள்.

எங்கள் வீடு கட்டி முடிக்க என் மாமனாருக்கு மூன்று வருஷம் ஆனதாம். எந்தச் சுவருக்குள் செங்கல் இருக்கிறது, எதற்குள் வெறும் மண் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஒன்று விழுந்தபோது அந்த ஒன்றைப் பற்றித் தெரிந்துகொண்டோம். இந்தச் சுவருக்குள் இருப்பது கம்பியும் கோழிவலையும் சாந்தும். இது போதுமா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கிரேன் உறுமிக்கொண்டு கிளம்பியபோது வாணி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மா, பஸ் வர்ற நேரம். நீ போ.”

“நிறுத்தினதும் போறேன்.”

“கிரேனுக்கு நான்தான் கை காட்டணும். நீ நின்னா சுவரை விட்டுட்டு உன்னையே பாப்பேம்மா. தலை ஆடிக்கு அவரும் நானும் வரோம். மூணு நாள் இருப்போம். அப்புறம் இங்க வந்துடுவோம்.”

பட்டறை வாசலில் பேருந்து நின்றது. கையில் மேரி திணித்த கொய்யாப்பழத்தோடு ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். சங்கிலி இறுகியது. சுவர் மெல்ல எழுந்து, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது. ஆள் உயரத்துக்கு மேல் வாசக்கால் அந்தரத்தில் நின்றது. கதவில்லாத அந்த வாசலுக்குள் ஒரகடத்துப் பனைகளும் வானமும் தெரிந்தன. கீழே வாணி இரண்டு கையையும் உயர்த்தி, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று கிரேன்காரருக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. சுவர் இன்னும் தரையைத் தொடவில்லை, அதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது.

“எங்கம்மா?” என்றார் நடத்துனர்.

“ஸ்ரீபெரும்புதூர்” என்றேன். “ஒண்ணு.”