ஒரு கையால் தூக்கக்கூடிய கதவு

எங்கள் பக்கம் எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் முதலில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். தோல் தொழிலில் இருக்கிறவர்களுக்கு வருகிற வியாதி இது. கல்யாணப் பத்திரிகை வந்தாலும் நசுக்குவோம், ஓட்டலில் தோசை வந்தாலும் நசுக்குவோம். எனக்கு இந்த வியாதி கொஞ்சம் முற்றிவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் ஷேவிங் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளன். பதப்படுத்திய தோலை மிஷினில் கொடுத்து, அடிப்பக்கத்தைச் சீவி, வாங்குகிறவர் கேட்ட கனத்துக்குக் கொண்டுவருவது எங்கள் வேலை. கனத்தைக் குறைத்தே சம்பளம் வாங்குகிறவனுக்கு உலகத்தில் எல்லாமே கொஞ்சம் தடிமனாகத்தான் தெரியும். ஜீப்புக்குக் கதவு பார்க்கப் போனபோதும் இந்தக் கண்ணோடுதான் போனேன்.

ஜீப் அரக்கோணத்தில் ஒருவரிடம் வாங்கியது. என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. ஆலங்காயத்தைத் தாண்டி மலைக்குள் போகிற மண்பாதைகளில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏறி இறங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆசை யாரை விட்டது? வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, முன் சீட்டைத் துண்டால் தட்டித் துடைத்து, உட்கார் என்று மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

அவளைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஷூ தொழிற்சாலையில் அவள் கடைசிச் சோதனை மேசையில் இருக்கிறாள். பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு ஷூவும் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கே தையல் பிசகியிருக்கிறதோ அங்கே அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். வாயால் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், ஒட்டுவதோடு சரி. என் நல்ல காலம், இதுவரை என் மேல் ஒட்டியதில்லை.

வண்டியைச் சுற்றி வந்தவள், கதவு இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே தொங்கிய சங்கிலியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். பழைய ஜீப்புகளில் அதுதான் பாதுகாப்பு என்று விளக்கினேன்.

"இது மாடு கட்றதுங்க. எனக்குப் புடிச்சிக்க ஒரு கதவு வேணும். கதவு இருந்தா உக்கார்றேன். இல்லன்னா நான் பஸ்லயே வர்றேன்" என்றாள்.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எந்த வண்டியில் ஏறினாலும் பிடித்துக்கொள்ள அவளுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒன்று வேண்டும். அந்த வாரமே குடியாத்தத்தில் இருக்கும் அவள் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவள் ஆம்பூரில் பஸ் ஏறினாள். நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். பேரணாம்பட்டு வரைக்கும் பொறுத்துப் பார்த்த கண்டக்டர், பின்னாடி ஒரு ஆள் ஜீப்பில் துரத்திக்கொண்டு வருகிறான், தெரிந்த ஆளா என்று அவளிடம் கேட்டிருக்கிறார். பார்த்த மாதிரி இருக்கிறது என்று சொன்னாளாம்.

தொழிற்சாலையில் இந்தக் கதை பரவியதும் வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. எனக்கோ நிஜமாகவே வருத்தம். மலையில் ஏற வேண்டும் என்பது ஆசையில் பாதிதான். மீதிப் பாதி, முன் சீட்டில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது. காலியான சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினால் சரக்கு ஏற்றப் போகிற மாதிரி இருந்தது.

ஆகவே கதவு தேடினேன். முழுக் கதவு என்றால் ஜீப்பின் அழகே போய்விடும், காற்று வராது, பள்ளமும் தெரியாது. இடுப்பளவுக்கு மட்டும் மறைக்கிற அரைக்கதவுதான் சரி. அதுவும் லேசாக இருக்க வேண்டும், வேண்டாதபோது கழற்றி வைத்துவிடலாம் பாருங்கள். இதையெல்லாம் செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தெரிந்துகொண்டு, மேல்விஷாரத்தில் ஜீப் பாடி கட்டுகிற பாய் ஒருவரிடம் போனேன்.

பாய் முதலில் தகரக் கதவு ஒன்றைக் காட்டினார். அதை எடுத்து வைக்க இரண்டு பேர் வந்தார்கள், இரண்டாவது ஆள் முனகினார். விளிம்பை நசுக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். பைபர் கதவு காட்டினார். தட்டினால் பிளாஸ்டிக் குடம் மாதிரி சத்தம் வந்தது, மலையில் ஒரு கல் பட்டால் விரிசல் விடும் என்று அவரே ஒப்புக்கொண்டார். அடுத்தது வெறும் குழாயை வளைத்த சட்டம் மட்டும் இருக்கிற கதவு. அதைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். கதவு எங்கே என்று பதில் வந்தது.

துணியில் கட்டலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. மாமனார் வீட்டில் தறி ஓட்டி லுங்கி நெய்கிறார்கள். மச்சான் இதைக் கேள்விப்பட்டு, கெட்டி நூலில் கட்டம் போட்டே நெய்து தருகிறேன், ஜீப்புக்கு இடுப்பில் கட்டிவிடுங்கள், மலை ஏறும்போது மடித்துக் கட்டிக்கொள்ளலாம் என்று போனில் சொன்னான். பின்னால் தறிச் சத்தத்தையும் மீறி நாலு பேர் சிரிப்பது கேட்டது.

கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். குழாய்ச் சட்டத்தின் மேல் தோல். எங்கள் தொழிற்சாலையில் கழித்துக் கட்டிய எருமைத் தோலில் நல்லதாக இரண்டை விலைக்கு வாங்கினேன். மலைப்பாதைக்கு இதைவிட லேசாகவும் உறுதியாகவும் என்ன வேண்டும்? ஆம்பூர்க்காரன் ஜீப்புக்குத் தகரத்தில் கதவு போட்டால் ஊருக்கே அவமானம் இல்லையா? நாய் பின்னாலேயே வரும் என்று சக ஊழியர் ஒருவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கதவு உருவாக உருவாக எனக்குள் இருந்த ஷேவிங் மேற்பார்வையாளன் விழித்துக்கொண்டான். தோல் தடியாக இருக்கிறது என்று திருப்பி எடுத்துப் போய் இன்னும் சீவிக்கொண்டு வந்தேன். உள்பக்கத் தகடு எதற்கு, எடுங்கள் என்றேன். இரும்புக் கைப்பிடி எதற்கு, ஒரு தோல் வார் போதுமே. பூட்டு எதற்கு, ஒரு கொக்கி போதாதா? பாய் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான்.

"சார், ஜாஸ்தி இருக்கு ஜாஸ்தி இருக்குன்னு கம்மி பண்ணிக்கினே போனா, கடசில உங்களுக்குக் காத்ததான் நான் மாட்டி வுடணும்" என்றார் பாய்.

நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கதவுகள் வண்டியில் ஏறின. நிஜமாகவே அழகாக இருந்தன. பழுப்பு நிறத் தோல், ஓரத்தில் இரட்டைத் தையல். கீலில் இரண்டு முளைகள் உண்டு. கதவை மேலே தூக்கினால் முளையிலிருந்து கழன்று வந்துவிடும், இறக்கினால் உட்கார்ந்துகொள்ளும். தானாகக் கழன்று விடாமல் இருக்க முளைக்கு அடியில் ஒரு நட்டை முடுக்கிக் கொடுத்திருந்தார் பாய்.

அடுத்த சில நாட்கள் நான் மனிதனாகவே இல்லை. டீக்கடை வாசலில் நிறுத்தி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோர் முன்னாலும் கதவை ஒரே கையால் தூக்கிக் காட்டினேன். இன்னொரு கையில் டீ கிளாஸ் இருக்கும். தோல் ஆட்கள் கூடி நின்று கதவை நசுக்கிப் பார்த்து, சரியான கனம் என்று தலையாட்டுவார்கள். அதைவிட எனக்கு வேறு பட்டம் எதற்கு? ஒவ்வொரு தடவையும் நட்டைக் கழற்ற ஸ்பேனர் தேட வேண்டியிருந்ததுதான் தொல்லை. கனம் குறைந்த மாதிரியும் இருக்கட்டும் என்று நட்டுகளைக் கழற்றி டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி சோதனைக்கு வந்தாள். தையல் வழியாக விரலை ஓட்டினாள். வாரை இழுத்துப் பார்த்தாள். உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். மேல் விளிம்பில் கையை வைத்து, அது தன் உயரத்துக்குச் சரியாக வருகிறதா என்று பார்த்தாள். பள்ளிக்கூட ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை. மறுநாள் குடியாத்தத்தில் மச்சான் குழந்தைக்குக் காது குத்து. ஜீப்பிலேயே போகலாம் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு வண்டியைத் துடைக்கப் போனபோது அவள் பக்கத்துக் கீலில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். புருஷன் வண்டிக்குக்கூடக் கேலியாக ஒன்று ஒட்டாமல் விடமாட்டாளே என்று ஆசையாகச் சிரித்துக்கொண்டு அதை உரித்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் முதல் கியருக்குப் பதிலாக மூன்றாவது கியரைப் போட்டு வண்டியை அணைத்தேன். அவள் இடது கையால் கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஊரைத் தாண்டியதும் காற்று நன்றாக வருகிறது என்றாள். பேரணாம்பட்டைத் தாண்டியதும், பஸ்ஸில் இதெல்லாம் தெரிந்ததே இல்லை என்று ஒரு புளியந்தோப்பைக் காட்டினாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் பாட்டு வந்துவிடும் போல இருந்தது.

அதற்கப்புறம் வந்த சின்ன ஊரில், யாரோ ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டிருந்த வேகத்தடை. பெயின்ட் கிடையாது, போர்டு கிடையாது. நான் இன்னும் அவள் காட்டிய புளியந்தோப்பைத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி எகிறியது, அவளும் எகிறினாள், பயத்தில் கதவை மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறாள். வண்டி கீழே இறங்கியது. கதவு இறங்கவில்லை. நான் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவள் சீட்டில் நேராக உட்கார்ந்திருந்தாள். வண்டியின் இடது பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. கதவு அவள் கையில் இருந்தது.

எதிரே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் எங்களையே பார்த்தார்கள். அவள் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த அம்புக்குறி எதைக் காட்டியது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இறங்கி ஓடிப் போய்க் கதவை வாங்கி மாட்டப் பார்த்தேன். மேல் முளை வளைந்துவிட்டிருந்தது. கதவு பாதி உட்கார்ந்து, கொட்டாவி விட்ட மாதிரி சாய்ந்தது. சுத்தியல் இல்லை. நட்டு பெட்டிக்குள் இருந்தது, ஆனால் இப்போது அதை வைத்துப் பிரயோஜனம் இல்லை. பட்டப்பகலில், ஒரு ஊரே பார்க்க, அந்த லேசான கதவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் குடியாத்தம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, வர்றீங்களா என்று அவளைக் கேட்டார். போய்விடு, நான் மெதுவாக வந்து சேர்கிறேன் என்று நானே சொன்னேன். இனி ஜென்மத்துக்கும் இவள் இந்தச் சீட்டில் உட்காரப் போவதில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் பஸ்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என் கையில் இருந்த கதவைப் பார்த்தாள். அதை வாங்கி நிமிர்த்தித் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"கதவு இருந்தா உக்கார்றேன்னு சொன்னேன். கதவு இருக்குல்ல? வண்டிய எடுங்க" என்றாள்.

பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. நான் வண்டியை எடுத்து, மாட்டுவண்டிக்கு வழிவிட்டு, சைக்கிளுக்கு வழிவிட்டு ஓட்டினேன். வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். மடியில் ஒரு கதவோடு பட்டுச்சேலையில் போகிறவளை வேறென்ன செய்வார்கள்? அவள் யாரையும் கண்டுகொள்ளவில்லை. குடியாத்தம் நெருங்கும்போது லேசாக நெளிந்தாள்.

"லேசு லேசுன்னு ஊரெல்லாம் காட்னீங்களே. மடில வச்சிப் பாருங்க, தெரியும்."

பின்னால் போட்டுவிடட்டுமா என்று வண்டியை ஓரம் கட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கதவை மார்போடு இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இன்னா இப்போ, திரும்பி வர்றப்பவும் ஜீப்புல இப்டித்தான வரணும்" என்றாள்.