ஆட்டுக்கொழுப்புத் தடவிய கேமரா வார்

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோல் வாடை தெரியாது. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை. ஆவாரம்பட்டை, சுண்ணாம்பு, பச்சைத்தோல் எல்லாம் கலந்த அந்த வாடை எங்கள் தெருவுக்கே சொந்தம். வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும்போது, பாவம், இவர்களுக்கு எப்போது பார்த்தாலும் சளி என்று நினைத்துக்கொள்வேன். அந்த மூக்கு மட்டும் எங்களுக்கு ஒழுங்காக வேலை செய்திருந்தால் ஒரு கேமரா நாய் வாய்க்குப் போயிருக்காது.

அதுவும் இரவல் கேமரா. அம்மாவின் தம்பி, என் மாமு, அப்போதுதான் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பக்ரீத் முடிந்த மறுநாள் நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்புக்குக் குடும்பத்தோடு போவதாக ஏற்பாடு. முதலாளியின் கையைக் காலைப் பிடித்து, ஒருநாளைக்கென்று கேமராவை வாங்கி வந்துவிட்டார். கறுப்பாக, வெற்றிலைப் பெட்டி மாதிரி இருந்தது. அதன் நெற்றியில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அன்றைக்கும் படிக்கத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்த எழுத்தின் வளைவும் சுழியும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

கழுத்தில் மாட்டுகிற வார் அறுந்திருந்ததுதான் மாமுவுக்குக் கவலை. “கீழ விழுந்து ஒடஞ்சுதுன்னா என் வேல போச்சு மச்சான்,” என்று அத்தாவிடம் புலம்பினார்.

தோல் விஷயத்துக்கு யாராவது கவலைப்பட்டால் அத்தாவுக்குப் பிடிக்காது. “இம்புட்டுதானா? செத்த நேரம் உக்காரு,” என்றார். ஆட்டுத்தோலில் ஒரு துண்டை நறுக்கி, மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு வார் தைத்தார். புதுத்தோல் கையை அறுத்தது. பதப்படுத்த வேண்டுமே! பெருநாளைக்கு அறுத்த கிடாயின் கொழுப்பு அடுப்படியில் இருந்தது. அதை உருக்கித் தேய் தேய் என்று தேய்த்தார். வார் அல்வாத்துண்டு மாதிரி பளபளத்தது. எங்களில் ஒருவர்கூட மோந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

ஆட்களை நிற்கவைக்க, உட்காரவைக்க மாமுவுக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் கேமராவைச் சுமக்கிற உத்தியோகம் எட்டு வயதுக்காரியான எனக்கு வந்தது. என் வலது கையில் வாரை மாட்டி, ஒரு முறுக்கு முறுக்கிவிட்டார். “நா கேக்குற வரைக்கும் கழட்டக் கூடாது. கழட்டுனே, தோப்புலயே விட்டுட்டு வந்துருவேன்.”

நத்தம் பஸ்ஸில் என் பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். என் கையையே உற்றுப் பார்த்தார்.

“ஏ புள்ள, கையில என்ன கறியா?”

“கேமரா!” என்றேன், முகத்தைத் தூக்கிக்கொண்டு.

அவர் எழுந்து இரண்டு சீட்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார். கேமராவுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

தோப்பில் மாமு நாலைந்து படம் எடுத்துவிட்டு, கேமராவை மறுபடி என் கையிலேயே மாட்டினார். அதற்குள் அம்மா பிரியாணிச் சட்டியைத் திறந்துவிட்டாள். அம்மாவின் பிரியாணியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது. சீரகச்சம்பா அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும், கறி விரல் பட்டாலே பிரியும். சரி, அதை விடுங்கள். கேமரா இருந்ததோ சோற்றுக் கையில். இடது கையால் சாப்பிட்டால் அத்தா முதுகில் வைப்பார். வேறு வழி? வாரைக் கழற்றி, தாழ்ந்த கிளை ஒன்றில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

எலும்புக்காகக் காத்திருந்த ஒரு செவலை நாய் எங்களைச் சுற்றி வந்தது. கிளைக்கு நேரே வந்ததும் நின்றது. மூக்கைத் தூக்கியது. ஒரே தாவு! வார் அதன் வாயில், கேமரா தரையில் தடதடக்க, தோப்பைத் தாண்டி ஓடுகிறது.

“ஏலே, கேமராவப் புடிங்கடா!” என்று அத்தா கத்தினார். மாமு சோற்றுக் கையோடு எழுந்து ஓடினார். எல்லோருக்கும் முன்னால் ஓடியது நான்தான். வாய்க்கால் கரையில் கேமரா ஒரு வேரில் சிக்கிக்கொண்டது. நான் கேமராவைப் பிடித்து இந்தப் பக்கம் இழுக்க, நாய் வாரைக் கடித்து அந்தப் பக்கம் இழுத்தது. அத்தா தைத்த வார் அறுந்தால்தானே! மாமு செருப்பைக் கழற்றி வீசியதும் நாய் விட்டுவிட்டது. நான் மல்லாந்து விழுந்தேன், கேமரா என் நெஞ்சின் மேல்.

மாமு ஓடிவந்தார். கேமராவைப் பிடுங்கிப் புல்லில் வீசினார். என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் பார்த்தார்.

“கடிச்சுச்சா? பல்லு பட்டுச்சா? சொல்லு தாயி!”

“இல்ல மாமு. கேமராவப் பாருங்க, ஒண்ணும் ஆகல.”

அவர் பார்க்கவில்லை. கிணற்றடிக்குத் தூக்கிப்போய் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். ஒரு கீறல்கூட இல்லை என்று அத்தா அடித்துச் சொன்னார். ஆனாலும் அம்மாவும் மாமுவும் தனியாக நின்று குசுகுசுவென்று பேசினார்கள். “வெறி புடிச்ச நாயா இருந்தா? கடிபட்டவுக தண்ணியப் பாத்தாலே மெரளுவாகளாமே,” என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது. நாயைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று மாங்காயைக் கடிக்கப் போய்விட்டேன்.

கேமரா நல்லபடியாக முதலாளியிடம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் மாமு வீட்டுக்கு வந்தார். ஒரு தம்ளர் தண்ணீரை என்னிடம் நீட்டி, “குடி” என்றார். நான் குடித்து முடிக்கிறவரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்கு மறுநாளும் அப்படியே. அந்த மாதம் முழுக்க அப்படியே. வாரைக் கழற்றியதற்கு இப்படி ஒரு தண்டனை உலகத்தில் உண்டா? ஒருநாள் எரிச்சலில் தம்ளரைத் தள்ளிவிட்டேன்.

“தண்ணியே வேணாம். பாத்தாலே புடிக்கல!”

மாமு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. ஓடிப்போய் பானையில் மொண்டு மடமடவென்று குடித்தேன். இன்னொரு தம்ளரும் குடித்தேன். அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக நேரே மிட்டாய்க் கடைக்கு நடந்தார்.

தண்ணீர் குடிப்பதற்கு ஜிலேபி கிடைக்கும் என்று முன்னமே சொல்லியிருந்தால், முதல் நாளிலேயே ஒரு குடம் குடித்திருப்பேனே என்று அவர் தோளில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.