லீவு நாளில் பார்த்த வீடு

வசந்தகுமார் வீடு பார்த்த கதையை, அவன் அப்போது வாடகைக்கு இருந்த லைன் வீட்டுக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் சுவரை மோந்து பார்ப்பான். காலண்டரைத் தூக்கி, பின்னால் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று தடவுவான். போர் தண்ணீரை பாட்டிலில் பிடித்து வந்து சோறு வடிக்கச் சொல்வான். சோறு மஞ்சளாக வந்தால் அந்த வீடு வேண்டாம். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு இருந்து, அது உடைந்திருந்தால், வாசலோடு திரும்பிவிடுவான்.

புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில் ஒரு வீட்டைப் பார்த்தபோது கையோடு கடப்பாரை கொண்டுபோனான். சுவரோரம் குத்தினான். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் கறுப்புக் கல் வந்தது. இரும்பு உருக்கிய பிறகு மிஞ்சும் கசடு அது. பள்ளத்தை அதைக் கொட்டித்தான் நிரப்பியிருந்தார்கள். வீட்டுக்காரர் கோபமாக, "நீ ஊடு வாங்க வந்தியா, கெணறு வெட்ட வந்தியா?" என்று கேட்டார்.

"பொண்ணு பாக்கப் போன எடத்துலகூட இவ்ளோ பாத்திருக்க மாட்டான்" என்றாள் பக்கத்து வீட்டு சின்னப்பொண்ணு.

"பாத்திருந்தா என்னைய கட்டினு வந்திருக்குமா?" என்றாள் அவன் மனைவி ஈஸ்வரி.

சிரித்தார்கள். ஆனால் அவன் எதற்கு அலைகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் மகள் காயத்ரிக்கு அப்போது எட்டு வயது. இழுப்பு. ராத்திரியில் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவாள். திருவள்ளூரில் பார்த்த டாக்டர், "மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். முதல்ல வீட்ட மாத்துங்க" என்றார். அதற்கு முன்பே மூன்று வாடகை வீடு மாறியிருந்தார்கள். ஒன்றில் சுவர் ஈரம், ஒன்றில் சாக்கடை, ஒன்று கம்பெனிச் சுவரை ஒட்டியே இருந்தது. இனி மாறினால் சொந்த வீட்டுக்குத்தான், அதுவும் அவள் மூச்சு விடுகிற வீட்டுக்குத்தான் என்று வசந்தகுமார் முடிவு செய்தான்.

அவனுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் கம்பெனி ஒன்றில் உலை வேலை. பெயின்ட்டும் ஆயிலும் ஒட்டிய பழைய இரும்பை உலையில் கொட்டுவது அவன் ஷிப்டு ஆட்கள்தான். கொட்டியதும் கறுப்பாக ஒரு புகை எழும்பும். அது எவ்வளவு தூரம் போகிறது என்று அவன் யோசித்ததில்லை. உலைக்குப் பக்கத்தில் நிற்பவனுக்குச் சூடுதான் பெரிதாகத் தெரியும்.

அந்தப் பக்கத்து ஜனங்களிடம் ஒரு சோதனை உண்டு. வெள்ளை வேட்டியை நனைத்து மொட்டை மாடியில் அரை நாள் காயப் போட வேண்டும். எடுத்து உதறினால் கரி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். லைன் வீடுகளில் யாரும் வெள்ளைத் துணியை வெளியே காயப் போடுவதில்லை. பள்ளிக்கூடச் சட்டைகள் வீட்டுக்குள் கயிற்றில் தொங்கும், மேலே ஃபேன் ஓடும்.

தானியேல் அதே கம்பெனியில் லோடிங்கில் இருந்தவர். வசந்தகுமாரைவிட மூத்தவர். பேட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்து ஓரத்தில் அவருக்கு வீடு இருந்தது. இரண்டு அறை, ஒரு ஹால், மேலே மொட்டை மாடி, சுற்றி வயல். அதை விற்றுவிட்டு ஊத்துக்கோட்டைப் பக்கம் போகப் போவதாகச் சொன்னார்.

"எப்ப வர்ற?" என்று கேட்டார்.

"ஆயுத பூஜைக்கு வரட்டாணா? எனக்கும் லீவு, அவளுக்கும் லீவு."

ஈஸ்வரி ஒரு துணிக் கம்பெனியில் தைக்கிறாள். அவளுக்கு ஞாயிறு லீவு. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் உலை உண்டு. நடுவில் லீவு போட்டால் இருவருக்கும் அட்டனன்ஸ் போனஸ் போகும். இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போகிற நாள் பேட்டை முழுவதும் மூடுகிற நாள்தான்.

ஆயுத பூஜை அன்று போனார்கள். வசந்தகுமார் எதையும் விடவில்லை. சுவர் காய்ந்திருந்தது. மண்ணைக் குத்தினால் செம்மண் வந்தது. தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. கடைசியாக வேட்டியை நனைத்து மாடியில் போட்டான். தானியேல் மாடிப் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கீழே ஹாலில், எதிரெதிர்ச் சுவர்களில் தலை உயரத்துக்குப் பெரிய ஆணிகள் வரிசையாக அடித்திருந்தன. "இது இன்னாத்துக்குக்கா?" என்று ஈஸ்வரி தானியேலின் மனைவியிடம் கேட்டாள்.

"மழக்காலத்துல துணி போடறதுக்கு" என்றாள் அவள். சொல்லிவிட்டு டீ போட உள்ளே போய்விட்டாள்.

"புகை கிகை வருமாணா இங்க?" என்று வசந்தகுமார் மாடியில் கேட்டான்.

"நீயே பாரேன். இன்னா தெரியுது?" என்றார் தானியேல்.

வடக்கே வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. காயத்ரி மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். இழுக்கவில்லை. சாயங்காலம் வேட்டியை எடுத்து உதறினான். அது கடையில் வாங்கியபோது இருந்ததுபோலவே வெள்ளையாக இருந்தது. அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்துவிட்டு ஈஸ்வரியைப் பார்த்துச் சிரித்தான். அவன் வீட்டில் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க, ஷிப்டு முடிந்த கையோடு இன்னொரு முறையும் போனான். நல்ல மழை. தண்ணீர் தேங்கவில்லை. மழையில் புகையும் தெரியாது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. ஈஸ்வரியின் நகையும் அவன் பி.எஃப். பணமும் போய்ப் பத்திரம் முடிந்தது. கார்த்திகையில் பால் காய்ச்சினார்கள்.

மார்கழியில் மழை விட்டது, பனி இறங்கியது. பனியோடு புகையும் இறங்கியது. ஒரு நாள் காலையில் மாடிப்படிக் கைப்பிடியைத் தொட்ட ஈஸ்வரியின் கை கறுப்பானது. வடகத்துக்குப் பிழிந்து வைத்த மாவில் மிளகு தூவியதுபோல் கரி இருந்தது. அந்த வாரமே காயத்ரி மறுபடியும் உட்கார்ந்தபடி தூங்க ஆரம்பித்தாள். லைன் வீட்டில் இழுத்ததைவிட மோசமாக இழுத்தது. வயல்வெளி என்பதால் காற்றைத் தடுக்க நடுவில் ஒரு சுவர்கூட இல்லை.

ராத்திரி ஷிப்டு முடித்து வந்த ஒரு காலையில் வசந்தகுமார் மாடியில் நின்றான். வடக்கே வரிசையாகப் புகைக்குழாய்கள். அவற்றில் ஒன்றிலிருந்து திடீரென்று கறுப்பாக எழும்பியது. கைபேசியில் மணி பார்த்தான். அவனுக்கு அடுத்த ஷிப்டுக்காரன் முதல் இரும்பு கொட்டுகிற நேரம். பகல் ஷிப்டு வாரத்தில் கொட்டுவது வசந்தகுமார்தான். அவன் இங்கே நின்று அதைப் பார்த்ததே இல்லை. அந்தப் புகை வயலைத் தாண்டி வந்து, மகள் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு மேலே கலைந்தது.

அன்றைக்கே தானியேலைத் தேடிப் போனான். அவர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருந்தார்.

"ஏன்ணா சொல்லல?"

"இன்னாத்த சொல்லணும்? நீதான் வேட்டி காயப் போட்ட. நீதான் மோந்து பாத்த."

"அன்னிக்கு உலை ஆஃப்னு உனக்குத் தெரியும் இல்ல?"

"உலைல வேல செய்யறவன் நீ. எனக்குத் தெரியுமான்னு என்னாண்ட கேக்கற?"

தானியேல் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நான் அந்த ஊட்ட பாத்தது கிறிஸ்மஸ் அன்னிக்கு, வசந்து. அப்பவும் வானம் சுத்தமாத்தான் இருந்துச்சு. கம்பெனிக்காரன் நமக்கு வேற எப்ப லீவு உடறான்? நம்ம லீவு நாள்ல அவனும் மூடிகினு போறான். நம்மள மாதிரி ஆளு அந்த ஊட்ட வேற நாள்ல பாக்கவே முடியாது."

"என் பொண்ணுக்கு இழுப்புன்னு உனக்குத் தெரியும்ணா."

"என் பொண்டாட்டிக்கும்தான் இழுக்குது" என்றார் தானியேல். டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு மனு எழுதிப் பார்த்தான். வந்து பார்ப்போம் என்றார்கள். ஜூன் மாதம் காயத்ரியைக் கடம்பத்தூரில் இருக்கும் ஈஸ்வரியின் அக்கா வீட்டில் விட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே அவளுக்கு இழுப்பு குறைந்தது. அவளுக்காக வாங்கிய வீட்டில் அவளைத் தவிர மற்ற இரண்டு பேரும் இருந்தார்கள். தானியேல் விட்டுப்போன ஆணிகளில் வசந்தகுமார் கயிறு கட்டினான். ஈஸ்வரி அதில் துணி காயப் போட்டாள். சின்னச் சட்டை எதுவும் அதில் இல்லை. வீடு விற்றால்தான் கடம்பத்தூர்ப் பக்கம் ஒரு வீடு பார்த்து மூன்று பேரும் ஒன்றாக இருக்க முடியும்.

ஆறேழு பேர் விசாரித்தார்கள். ஒருத்தர் வேலை நாளில் வந்தார். வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியைத் திருப்பினார். பிறகு ஜோஷ்வா என்கிற பையன் போன் செய்தான். பேட்டையில் காண்ட்ராக்ட்டில் இருக்கிறவன். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது.

"எப்ப வர்றப்பா?" என்று வசந்தகுமார் கேட்டான். கேட்கும்போதே அவனுக்குப் பதில் தெரியும்.

"பொங்கலுக்குத்தான்ணா லீவு."

"வா" என்றான் வசந்தகுமார்.

போகி அன்று வீட்டுக்கு வெள்ளையடித்தான். கயிற்றை அவிழ்த்தான். பிறகு சுத்தியலால் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஓட்டைகளில் பட்டி வைத்துத் தேய்த்தான். ஈஸ்வரி துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தானியேல் அண்ணனாச்சும் ஆணிய உட்டுட்டுப் போனாரு" என்றாள்.

அவன் தேய்த்த இடத்தில் மறுபடியும் தேய்த்தான்.

பொங்கல் அன்று ஜோஷ்வாவும் அவன் மனைவி கிறிஸ்டினாவும் வந்தார்கள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. ஜோஷ்வா சுவரைத் தட்டினான், தண்ணீரைக் குடித்துப் பார்த்தான். வசந்தகுமாரோடு மாடிக்கு ஏறினான். வானத்தில் காற்றாடிகள் பறந்தன. வடக்கே புகைக்குழாய்கள் சும்மா நின்றன.

"அண்ணா, புகை எதுனா வருமா?"

"நீயே பாரேன்" என்றான் வசந்தகுமார். "இன்னா தெரியுது?"

சொன்ன பிறகுதான் அது யார் சொன்னது என்று அவன் காதில் விழுந்தது. ஜோஷ்வா கையை இடுப்பில் வைத்து நாலு பக்கமும் பார்த்தான். "சூப்பரா கீதுணா" என்றான். அப்போது வசந்தகுமாரின் போன் அடித்தது. கடம்பத்தூரிலிருந்து காயத்ரி.

"அப்பா, இன்னா பண்ற?"

"மாடில கீறேம்மா."

"நல்ல காத்து வருதா?"

"இன்னிக்கு வருது" என்றான்.

அவர்கள் கீழே இறங்கும்போது ஹாலில் கிறிஸ்டினா சுவரைக் காட்டி ஈஸ்வரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அக்கா, இந்தச் செவுத்துல ரெண்டு ஆணி அடிச்சிக்கலாமா? மழக்காலத்துல புள்ள துணி காயப் போட ஆவும்."

ஈஸ்வரி படியில் நின்ற கணவனைப் பார்த்தாள். பிறகு அந்தக் குழந்தையைப் பார்த்தாள்.

"நெறையா அடிச்சிக்கோம்மா" என்றாள். "தேவப்படும்."